ஹைட்ரஜனில் தொடங்கி ஹீலியம் வரை: முதல்முறை குவாண்டம் மான்டே கார்லோ எழுதுபவர்களுக்கு

ஆய்வுக்குழுக் கூட்டத்தில் என் முதல் முடிவைக் காட்டினேன்: தெரிந்தே தவறான ஓர் ஊகத்தோடு கணக்கிட்ட ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் −0.4771, பிழை 0.0002. நெறியாளர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "இதற்குத் தாளிலேயே விடை இருக்கிறதே, −0.48. உன் பிழை 0.0002 என்றால், விடை அதைப்போலப் பதினான்கு மடங்கு தள்ளி எப்படி நிற்கும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நிரலில் எங்கோ தவறு என்று நினைத்து இரண்டு வாரம் தேடினேன். ஆற்றல் கணக்கில் ஒரு தவறும் இல்லை. பிழை என்று எழுதிய அந்த 0.0002தான் தவறு.

இந்த வேலையில் புதிதாக இறங்குபவர் அந்த இரண்டு வாரத்தை இழக்க வேண்டியதில்லை. பைத்தான் ஓரளவு தெரியும், குவாண்டம் இயக்கவியலில் ஒரு பருவப் பாடம் படித்திருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

செய்யப்போவது இதுதான். அணுவின் அலைச்சார்பை ஊகித்து ஒரு வாய்பாடு எழுதுகிறோம். எலெக்ட்ரான்களைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு அங்குமிங்கும் நகர்த்தி, அலைச்சார்பின் வர்க்கம் எங்கே பெரிதோ அங்கே அதிக நேரம் இருக்கும்படி செய்கிறோம். ஒவ்வோர் இடத்திலும் "இடஞ்சார் ஆற்றல்" என்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டுச் சராசரி எடுக்கிறோம். ஊகம் எப்படி இருந்தாலும், அந்தச் சராசரியின் உண்மை மதிப்பு தாழ்நிலை ஆற்றலுக்குக் கீழே போகாது. இது மாறுபாட்டு மான்டே கார்லோ. ஊகத்தையும் தாண்டி உண்மை விடைக்குப் போவது விரவல் மான்டே கார்லோ. முதலாவதைச் சரியாகச் செய்யாமல் இரண்டாவதைத் தொடாதீர்கள்.

1. என்னென்ன வேண்டும்

சாதாரண மடிக்கணினி போதும். பைத்தான், நம்பை, கிராஃப் போட மேட்பிளாட்லிப் மூன்றும் இலவசம். கூகுள் கோலாபிலும் செய்யலாம். ஆனால் அதன் இலவசக் கணக்கில் ஓட்டம் அதிகபட்சம் 12 மணி நேரம்தான், அதற்கு முன்பேகூடத் துண்டித்துவிடும். இடையிடையே கோப்பில் சேமிக்கவில்லை என்றால் எல்லாம் போச்சு.

கியூஎம்சிபேக், கேசினோ போன்ற பெரிய மென்பொருள்களை இப்போது இறக்க வேண்டாம். முன்னது திறந்த மூலம். பின்னது கேம்பிரிட்ஜிலிருந்து வருவது, பதிவு செய்துதான் வாங்க வேண்டும். இரண்டும் நல்லவை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவருக்கு அவை எப்படியும் ஓர் எண்ணைத் துப்பிவிடும், அதை நம்பிவிடுவோம். முதல் நிரல் 100 வரிக்குள் உங்கள் கையால் எழுதியதாக இருக்கட்டும்.

முக்கியமானது ஆவணம். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு கோப்புறை. அதற்குள் ஒரு சின்ன உரைக்கோப்பு: தேதி, விதை எண் (சமவாய்ப்பு எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்), அடியளவு, மொத்த அடிகள், தொடக்கத்தில் தள்ளிய அடிகள், ஏற்பு விகிதம், அலைச்சார்பின் அளவுருக்கள், நிரலின் எந்தப் பதிப்பு (கிட், Git, வைத்திருக்கும் பதிப்பு எண்). இதையெல்லாம் நிரலே எழுதட்டும். கையால் எழுதலாம் என்று விட்டால் மூன்றாம் நாள் நின்றுவிடும், எனக்கு நின்றது. சராசரியை மட்டும் சேமிக்காமல், ஒவ்வோர் அடியின் இடஞ்சார் ஆற்றலையும் அப்படியே வையுங்கள். ஒரு கோடி எண்கள் 80 மெகாபைட்தான். பின்னால் பிழையைத் திரும்பக் கணக்கிட அந்தக் கோப்பு இல்லையென்றால் முழு ஓட்டத்தையும் மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.

2. அலகு

அணு அலகுதான். தொலைவு 'போர்' (bohr) என்ற அலகில், ஆற்றல் ஹார்ட்ரியில். ஒரு ஹார்ட்ரி 27.2114 எலெக்ட்ரான் வோல்ட். ஹைட்ரஜனின் தாழ்நிலை −0.5. நிரலுக்குள் வேறு அலகை நுழைய விடாதீர்கள். மாற்றுவதெல்லாம் கடைசி அட்டவணையில்.

3. ஹைட்ரஜன், தெரிந்தே தவறான ஊகத்தோடு

ஊக அலைச்சார்பு: தொலைவோடு மடிந்துபோகும் எளிய அடுக்குக்குறிச் சார்பு, மடியும் வேகம் ஆல்ஃபா. இதற்கு இடஞ்சார் ஆற்றல்:

−(ஆல்ஃபா² ÷ 2) + (ஆல்ஃபா − 1) ÷ தொலைவு

எல்லாரும் முதலில் ஆல்ஃபா = 1 போட்டுப் பார்ப்பார்கள். நானும் போட்டேன். −0.5 என்று கச்சிதமாக வந்ததும் நிரல் சரி என்று முடிவு கட்டினேன். வாய்பாட்டை ஒருமுறை பாருங்கள்: ஆல்ஃபா 1 ஆனால் இரண்டாம் உறுப்பே கிடையாது. எலெக்ட்ரானை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் −0.5தான் வரும். நகர்த்தும் பகுதி முழுக்க உடைந்திருந்தாலும் அதே −0.5. ஆக, அந்தச் சோதனை ஒன்றையும் சோதிக்கவில்லை.

ஆகவே 0.8 போடுங்கள். சராசரிக்குத் தாளிலேயே விடை உண்டு: ஆல்ஃபா² ÷ 2 − ஆல்ஃபா. திட்ட விலக்கத்துக்கும் உண்டு: ஆல்ஃபாவை, அதற்கும் 1க்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கினால் போதும். 0.8க்கு ஆற்றல் −0.48, திட்ட விலக்கம் 0.16. 0.9க்கு −0.495, 0.09. 1.2க்கு மறுபடி −0.48, ஆனால் திட்ட விலக்கம் 0.24. 0.8, 1.2 இரண்டுக்கும் ஒரே ஆற்றல், வேறு வேறு சிதறல். உங்கள் நிரல் இந்த இரண்டு வரிசைகளையும் கொடுத்தால்தான் அடுத்த படி.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஆற்றல் சீக்கிரம் நிலைக்கு வரும், திட்ட விலக்கம் வராது, ஓட்டத்துக்கு ஓட்டம் குதிக்கும். எலெக்ட்ரான் எப்போதாவது அணுக்கருவுக்கு மிக அருகே போகும்போது இரண்டாம் உறுப்பு எகிறுவதுதான் காரணம். சிதறலே எல்லைக்குட்பட்டதுதான். அந்தச் சிதறலை அளப்பதன் சிதறலுக்குத்தான் எல்லை கிடையாது. 0.155, 0.163 என்று வந்தால் நிரலைப் பிரித்துப் போடாதீர்கள்.

4. எலெக்ட்ரானை நகர்த்துவது

இதற்கு மெட்ரோபொலிஸ் முறை. இப்போதுள்ள இடத்திலிருந்து மூன்று அச்சிலும் கொஞ்சம் நகர்த்தி ஒரு புது இடத்தை முன்வைக்கிறோம். புது இடத்து அலைச்சார்பின் வர்க்கத்தைப் பழைய இடத்து வர்க்கத்தால் வகுக்கிறோம். அந்த விகிதம் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஒரு சமவாய்ப்பு எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் நகர்கிறோம், இல்லையென்றால் இருந்த இடத்திலேயே நிற்கிறோம்.

ஐந்தாறு வரிதான். ஆனால் இதற்குள் மூன்று குழிகள்.

முதலாவது, வர்க்கத்தை மறப்பது. ஆல்ஃபா 0.8 ஓட்டத்தில் −0.40 வந்தால் உடனே தெரிந்துகொள்ளலாம்: அலைச்சார்பையே விகிதம் எடுத்திருக்கிறீர்கள், அதன் வர்க்கத்தை அல்ல.

இரண்டாவது, நகர்வு மறுக்கப்பட்டால் அந்த அடியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. நியாயமாகத்தான் தோன்றும்: நகரவே இல்லையே, எதற்கு மறுபடி எண்ண வேண்டும்? எண்ணித்தான் ஆக வேண்டும். நின்ற இடத்தின் ஆற்றலை இன்னொரு முறை பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், மறுப்பு அதிகம் நடக்கும் அணுக்கருவுக்கு அருகிலுள்ள இடங்கள் குறைவாக எண்ணப்படும், ஆற்றல் −0.48க்கு மேலேயே நிற்கும். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் இறங்காது. நான் பார்த்த புது நிரல்களில் பாதிக்கு இந்த வியாதி இருந்தது. ஆல்ஃபா 1இல் இது கண்ணிலேயே படாது.

மூன்றாவது, அடியளவு. ரொம்பச் சின்னதாக வைத்தால் எல்லா நகர்வும் ஏற்கப்படும், ஏற்பு விகிதம் 98 சதவீதம் என்று பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எலெக்ட்ரான் இருந்த இடத்தைச் சுற்றியே ஊர்ந்துகொண்டிருக்கும். ரொம்பப் பெரிதாக வைத்தால் எல்லாம் மறுக்கப்படும். 1 போரில் தொடங்கி, ஏற்பு விகிதம் பாதிக்கு அருகே, 40 முதல் 60 சதவீதத்துக்குள் வரும்வரை மாற்றுங்கள். அந்தக் கூட்டத்தில் நான் காட்டிய ஓட்டத்தின் அடியளவு 0.05.

தொடக்கத்தில் எலெக்ட்ரானை எங்கோ ஓரிடத்தில் வைத்துத்தானே ஆரம்பிக்கிறோம், அதன் நினைவு மறையும்வரை உள்ள அடிகளைத் தள்ள வேண்டும். எத்தனை என்று சூத்திரம் தேடாதீர்கள். ஆற்றலை வரைந்து, கோடு சாய்வதை நிறுத்திய இடத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளுங்கள்.

5. பிழை: இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும்

திட்ட விலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழை என்று பாடத்தில் படித்தோம். 0.16ஐ பத்து லட்சத்தின் வர்க்கமூலமான 1000ஆல் வகுத்தேன். 0.00016, முழுமையாக்கினால் 0.0002. அந்தச் சூத்திரம் புள்ளிகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கிறது. நம்முடைய ஒவ்வொரு புள்ளியும் முந்தைய புள்ளியின் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் நூறு பேரிடம் கேட்டுவிட்டு ஊர் முழுக்கக் கருத்துக் கேட்டேன் என்று சொன்னால் எப்படி?

சரிசெய்யும் வழி எளிது. ஆற்றல் பட்டியலை எடுத்து, அடுத்தடுத்த இரண்டிரண்டு எண்களைச் சராசரியாக்கிப் பாதி நீளப் பட்டியல் செய்யுங்கள். அதற்குப் பழைய சூத்திரப்படி பிழை கணக்கிடுங்கள். மறுபடி இரண்டிரண்டாகச் சேருங்கள், மறுபடி கணக்கிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பிழை ஏறிக்கொண்டே போகும், பிறகு ஒரு மட்டத்தில் நின்றுவிடும். அந்த மட்டம்தான் உண்மையான பிழை. ஃபிளைவ்பெர்க், பீட்டர்சன் இருவரும் 1989இல் விளக்கி எழுதிய முறை இது, பிளாக்கிங் என்பார்கள்.

என் ஓட்டத்துக்கு இதைச் செய்தபோது பிழை 0.004இல் போய் நின்றது, நான் எழுதியதைப்போல ஏறத்தாழ 25 மடங்கு. பத்து லட்சம் புள்ளிகள் என்று நான் நினைத்திருந்தது உண்மையில் ஆயிரத்து அறுநூறு புள்ளிகளுக்குச் சமம். அப்படிப் பார்த்தால் −0.4771க்கும் −0.48க்கும் உள்ள இடைவெளி பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இரண்டு வாரம் எதைத் தேடினேன் என்று அப்போதுதான் புரிந்தது.

பிழை மட்டத்துக்கு வராமல் கடைசிவரை ஏறிக்கொண்டே போனால் ஓட்டம் போதவில்லை என்று பொருள். அந்த எண்ணை யாரிடமும் காட்டாதீர்கள். கடைசி ஒன்றிரண்டு சுற்றுகளில் பட்டியலில் நாலைந்து எண்களே மிஞ்சும், அங்கே கோடு ஆடுவதைப் பொருட்படுத்த வேண்டாம்.

6. வாக்கர்களும் விதை எண்ணும்

ஒரே நடைக்குப் பதில் 1000 நடைகளை ஒரே நேரத்தில் நம்பை அணியாக ஓட்டுங்கள். ஒவ்வொன்றையும் வாக்கர் என்பார்கள். பைத்தானின் சுழற்சியில் ஒவ்வோர் அடியாக ஓட்டுவதைவிடப் பல மடங்கு வேகம். அலைச்சார்பையும் இடஞ்சார் ஆற்றலையும் அணிகளாகவே கணக்கிடும்படி ஒருமுறை மாற்றி எழுத அரை நாள் ஆகும், ஆனால் மிச்ச எல்லா நாட்களுக்கும் அது உதவும்.

அடுத்த ஆசை, எட்டு கோர்களிலும் எட்டு ஓட்டம். செய்யலாம். ஆனால் எட்டுக்கும் ஒரே விதை எண் போய்விட்டால் எட்டும் ஒரே ஓட்டத்தின் நகல்கள். சராசரி மாறாது, பிழை மட்டும் பொய்யாக √8 மடங்கு குறையும், நமக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்! நான் இதையும் செய்திருக்கிறேன். ஆற்றல் கோப்புகளின் முதல் பத்து எண்கள் அச்சு அசலாக ஒன்றாக இருந்ததைத் தற்செயலாகப் பார்த்ததால் பிடிபட்டது. நம்பையில் ஒரு தாய் விதையிலிருந்து தனித்தனி விதைகளைப் பிரித்துத் தரும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். 1, 2, 3 என்று கையால் கொடுக்கும் பழக்கம் வேண்டாம்.

7. ஹீலியம்

இங்கே முதல்முறையாக, தாளில் முழு விடை இல்லாத கணக்கு. இரண்டு எலெக்ட்ரான்கள், அவற்றுக்கிடையே விலக்கம். ஒப்பிட வேண்டிய எண்: −2.9037 ஹார்ட்ரி.

முதலில் விலக்கத்தைப் பற்றிக் கவலைப்படாத ஊகம்: இரண்டு எலெக்ட்ரானுக்கும் ஒரே ஆல்ஃபா. இதன் சராசரிக்கு மட்டும் தாளில் விடை உண்டு: ஆல்ஃபா² − 27 × ஆல்ஃபா ÷ 8. ஆல்ஃபா 2 என்றால் −2.75. 27 ÷ 16, அதாவது 1.6875 என்றால் −2.8477. இந்த இரண்டையும் உங்கள் நிரல் பிழைக்குள் தர வேண்டும். தராமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

அப்புறம் ஜாஸ்ட்ரோ காரணி. இரண்டு எலெக்ட்ரான்களும் நெருங்கினால் அலைச்சார்பு குறையும்படி ஒரு பெருக்கலைச் சேர்க்கிறோம். எலெக்ட்ரான்களின் இடைத்தொலைவை 2 × (1 + பீட்டா × இடைத்தொலைவு) என்பதால் வகுத்து, அதை அடுக்காக வைக்கும் வடிவம் வழக்கம். அந்த 2 விருப்பத்துக்கு வந்ததல்ல. எதிரெதிர் சுழற்சி கொண்ட எலெக்ட்ரான்கள் தொடும்போது விலக்க ஆற்றல் முடிவிலிக்குப் போகும். அதை இயக்க ஆற்றல் சரியாக ஈடுகட்ட வேண்டுமானால் அங்கே பாதிதான் வேண்டும். ஒரே சுழற்சி என்றால் கால். பாதியை மாற்றிப் போட்டால் ஆற்றல் வரைபடத்தில் திடீர் ஈட்டிகள் கிளம்பும். ஈட்டியைக் கண்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

இடஞ்சார் ஆற்றலின் வாய்பாடு இப்போது நீண்டுவிடும். வகைக்கெழுவைக் கையால் எடுத்து எழுதுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். சமவாய்ப்பாகப் பத்து இடங்கள் எடுத்து, எண்முறையில் வகைக்கெழு எடுத்து ஒப்பிடுங்கள். ஆறு தசம இடம் ஒத்துப்போக வேண்டும். பத்து நிமிட வேலை. ஒரு குறியீட்டுப் பிழையைப் பிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது, இந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாததால்.

ஆல்ஃபாவை 1.6 முதல் 2.0 வரை ஐந்து மதிப்புகள், பீட்டாவை 0.1 முதல் 0.5 வரை ஐந்து மதிப்புகள், மொத்தம் 25 ஓட்டங்கள். ஆற்றல் −2.89 அருகே போக வேண்டும். இரண்டு ஓட்டங்களின் ஆற்றல் வித்தியாசம் அவற்றின் பிழையைவிடச் சிறிதாக இருந்தால் எது தாழ்ந்தது என்று சொல்ல முடியாது. அப்போது சிதறல் குறைவாக உள்ளதை எடுத்துக்கொள்வது என் வழக்கம். −2.9037க்குக் கீழே வந்தால் மகிழ வேண்டாம். பிழையைப் போல மூன்று மடங்குக்கும் கீழே போயிருந்தால் நிரலில் தவறு இருக்கிறது.

8. விரவல் மான்டே கார்லோ

மிஞ்சிய 0.0137 ஹார்ட்ரியை, அதாவது சுமார் 0.37 எலெக்ட்ரான் வோல்ட்டை, ஊகத்தை மெருகேற்றியே குறைக்கலாம். ஆனால் வேறு வழி உண்டு. வாக்கர்கள் விரவுகிறார்கள், அலைச்சார்பு பெரிதாகும் திசையில் தள்ளப்படுகிறார்கள், தாழ்ந்த ஆற்றல் உள்ள இடத்தில் பெருகுகிறார்கள், உயர்ந்த இடத்தில் மறைகிறார்கள். போதிய நேரத்துக்குப் பிறகு மிஞ்சும் கூட்டம் தாழ்நிலையைக் காட்டும்.

திசைகாட்டத் தள்ளும் அந்தப் பகுதியை விட்டுவிட்டு எளிய வடிவத்தை எழுதிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். அணுக்கருவுக்கு அருகே போன ஒரே வாக்கர் ஒரே அடியில் நூறாகப் பெருகும், எண்ணிக்கை வெடித்துக் கணினி திணறும். 7ஆம் படியில் கிடைத்த நல்ல ஊகத்தைத்தான் இங்கே வழிகாட்டியாகப் பயன்படுத்த வேண்டும்.

தொடக்கத்தில் எத்தனை அடிகளைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளுவது? ஹீலியத்தில் அதே சமச்சீருள்ள அடுத்த நிலை 20.6 எலெக்ட்ரான் வோல்ட் மேலே, அதாவது 0.76 ஹார்ட்ரி. தேவையற்ற பகுதி அந்த வேகத்தில் மடியும். வாக்கர்கள் விரவும் நேரத்தைக் கற்பனை நேரம் என்பார்கள். ஆகவே 10 அலகுக் கற்பனை நேரத்தில் அது இரண்டாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நேர அடி 0.01 என்றால் 1000 அடிகள். நான் 2000 தள்ளுகிறேன்.

நேர அடியே ஒரு பிழையைக் கொண்டுவரும், அதை அதிகம் ஓட்டிக் குறைக்க முடியாது. 0.04, 0.02, 0.01 என்று மூன்று ஓட்டம் செய்து, வரைந்து, சுழியத்துக்கு நீட்டிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு நேர அடியோடு முடித்த கணக்கை முடிந்ததாக எண்ணாதீர்கள். வாக்கர் எண்ணிக்கையை 500 அருகே பிடித்துவைக்கும் கட்டுப்பாடும் ஒரு சிறு சாய்வைத் தரும். 1000த்தில் இன்னொரு முறை ஓட்டி ஒப்பிட்டால் அது எவ்வளவு என்று தெரியும்.

9. நேரமும் செலவும்

ஒரு தசம இடம் கூடுதலாக வேண்டுமென்றால் 100 மடங்கு நேரம். 30 நிமிடத்தில் மூன்றாம் தசம இடம் கிடைத்தால் நான்காவதுக்கு 50 மணி நேரம். இதை முதலிலேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள், ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு அல்ல. மடிக்கணினி 60 வாட் எடுத்தால் அந்த 50 மணிக்கு 3 யூனிட் மின்சாரம், யூனிட் எட்டு ரூபாய் என்றே வைத்தாலும் 24 ரூபாய். செலவு பணத்தில் இல்லை. விசிறி இரண்டு நாள் கத்துவதிலும், தவறான அளவுரு கொடுத்திருந்ததை மூன்றாம் நாள் கண்டுபிடிப்பதிலும் இருக்கிறது. நீண்ட ஓட்டத்துக்கு முன் அதே கோப்பை நூறில் ஒரு பங்கு அடிகளோடு ஓட்டிப் பார்ப்பது என் சட்டம்.

மீக்கணினி தேவையா? இந்த அளவுக்கு வேண்டாம். திருச்சி என்.ஐ.டி.யில் 2022இல் தொடங்கிய பரம் பொருள் போன்ற இயந்திரங்கள் நூற்றுக்கணக்கான எலெக்ட்ரான்களுக்கு. அந்த நிலைக்கு வந்தால் 6ஆம் படியில் சொன்ன விதை எண் விஷயத்தை மட்டும் மறுபடி படியுங்கள்.

என் அனுபவத்தில், தடுமாற்றம் இல்லாமல் போனால்: ஹைட்ரஜனும் பிழைக் கணக்கும் ஒரு வாரம், ஹீலியம் ஒரு வாரம், விரவல் முறை இரண்டு வாரம். எனக்கு நான்கு மாதம் ஆனது.

10. லித்தியத்துக்குத் தாவுமுன்

ஹீலியத்தில் நாம் தப்பித்தோம். அதன் தாழ்நிலை அலைச்சார்பு எங்கும் குறி மாறுவதில்லை. மூன்றாவது எலெக்ட்ரான் வந்ததும் அலைச்சார்புக்கு நேர்க்குறி, எதிர்க்குறிப் பகுதிகள் வந்துவிடும். வாக்கர்களின் கூட்டமோ எதிர்க்குறியாக இருக்க முடியாது. ஊகத்தின் குறி மாறும் பரப்பை நிலையாக வைத்து, அதைத் தாண்டும் நகர்வை மறுப்பதுதான் வழக்கமான தீர்வு. அந்தப் பரப்பு தவறாக இருந்தால் விடையும் அந்த அளவுக்கு மேலே நின்றுவிடும், எத்தனை மணி நேரம் ஓட்டினாலும். பொதுவான வடிவில் இந்தக் குறிச் சிக்கல் கணிப்பியலில் மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது என்று டிராயரும் வீஸும் 2005இல் காட்டினார்கள். ஆகவே உங்கள் நிரலைக் குறை சொல்லாதீர்கள்.

லித்தியத்தின் இலக்கு −7.4781, பெரிலியத்தின் இலக்கு −14.667. பெரிலியத்தில் ஒரே அணிக்கோவையோடு, அதாவது எலெக்ட்ரான்களின் ஒரே அமைப்பை மட்டும் கொண்ட ஊகத்தோடு போனால் இலக்குக்குச் சுமார் 0.01 மேலே நின்றுவிடுவீர்கள். 2பி ஆர்பிட்டாலில் இரண்டு எலெக்ட்ரான்கள் உள்ள அமைப்பையும் சேர்த்தால்தான் இறங்கும். அங்கே போகும்போது ஹீலியம் நிரலின் நகலில் வேலை செய்யுங்கள். ஹைட்ரஜன் 0.8 சோதனையும், ஹீலியம் 1.6875 சோதனையும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் தானாக ஓடும்படி ஒரு கோப்பில் வைத்திருங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகாது.